பரிசுப் பட்டியலில் இல்லாத செலவுக் கணக்கு

போக்கர் சாம்பியன்ஷிப் தொடர் ஒன்று முடிந்தால் அன்று ராத்திரியே முடிவுப் பட்டியல் எங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். இடம், பெயர், ஊர், பரிசுத் தொகை, அவ்வளவுதான் அதில் இருக்கும். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஆள் ஒருவர் பெயர் வந்துவிட்டால் சாட்ஸ்வொர்த்திலிருந்து டோங்காட் வரைக்கும் அன்றைக்கு அதே பேச்சு. நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்று நம் பெயர்கள் கண்ணில் பட்டால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? எனக்கும் அப்படித்தான்.

நான் தொழிலால் கணக்கர். மதுரைப் பக்கம் பிறந்து, வேலைக்காக டர்பன் வந்து, இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டேன். லைசன்ஸ் உள்ள கேசினோக்களில் நடக்கும் போக்கர் டோர்னமென்ட்டுகளில் வருடத்துக்குச் சில தடவை உட்காருவேன். எனக்குப் பிடித்த ஆட்டம் அது. பொறுமை வேண்டும், கணக்கு வேண்டும், எதிரில் இருப்பவரின் மனசைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஆனால் அந்த முடிவுப் பட்டியலைக் கணக்கர் கண்ணோடு பார்த்தால் அதில் வரவு மட்டும்தான் இருக்கிறது. செலவு என்று ஒரு பத்தியே கிடையாது. எங்கள் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு கணக்கை நீட்டினால் அந்த நிமிடமே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் மனைவியின் அக்கா மகன். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறான், ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை, நல்ல பையன், சீட்டு விஷயத்தில் கெட்டிக்காரன். ஒரு தொடரில் சின்ன ஆட்டம் ஒன்றில் இறுதி மேஜைக்குப் போய்ப் பரிசு வாங்கினான். அந்த வார இறுதியிலேயே வீட்டுக்கு வந்து, "சித்தப்பா, வேலையை விட்டுட்டு இதையே பாக்கலாம்னு இருக்கேன்" என்றான். கையில் போனை வைத்துக்கொண்டு, கடந்த சில தொடர்களின் பட்டியலை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான். "பாருங்க, இவருக்கு மூணு தடவை, இவருக்கு ரெண்டு தடவை. எல்லாம் நம்மோட ஆடுறவங்கதான்."

வேண்டாம் என்று சொல்வது எளிது. சொன்னால் கேட்கிற வயசு இல்லை. அதனால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத பத்திகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தோம். அன்றைக்கு நாங்கள் போட்ட கணக்கு இந்த ஆட்டத்தில் ஆசை உள்ள எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் பெரிய பட்டியலிலிருந்தே தொடங்கினோம். தென்னாப்பிரிக்காவில் போக்கர் ஆடுகிறவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர் ரேமண்ட் ராம். ஜோஹனஸ்பர்க்காரர். 2007இல் லாஸ் வேகஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் மூன்றாவதாக வந்து 30,48,025 டாலர் வாங்கினார். ஜெயித்த ஜெர்ரி யாங்குக்கு 82,50,000 டாலர், இரண்டாவதாக வந்த துவான் லாமுக்கு 48,40,981. அந்த வருடம் உள்ளே போனவர்கள் 6,358 பேர், ஆளுக்கு 10,000 டாலர் நுழைவுத் தொகை. பரிசு கிடைத்தது 621 பேருக்கு. மீதி 5,737 பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். ராம் வெளியேறியதும் கையில் இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டுதான். எதிரில் ஏஸ் வைத்திருந்தவருக்கு மேஜையில் இன்னொரு ஏஸ் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் அதைவிட நன்றாக யாரும் ஆடியிருக்க முடியாது. உலகின் மிகப் பெரிய மேடையில் நம் நாட்டு மனிதர் ஒருவர் செய்த சாதனை அது, எனக்கு அதில் நிஜமான பெருமை உண்டு. ஆனால் பையனிடம் நான் காட்ட விரும்பியது அந்த 5,737.

பிறகு கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. 2024இல் 10,112 பேர், அதுதான் அதுவரை வந்ததில் பெரிய கூட்டம். பரிசு 1,517 பேருக்கு. கடைசியாகப் பரிசு வாங்கியவருக்குக் கிடைத்தது 15,000 டாலர். அதாவது போட்டது போக 5,000 லாபம். டர்பனிலிருந்து லாஸ் வேகஸுக்கு விமானம், இரண்டு மாற்றம், வாரக்கணக்கில் ஹோட்டல் வாடகை, விடுமுறைக்குச் சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்த்தால் அந்த 5,000 எங்கே நிற்கும்? பட்டியலில் அவர் ‘பரிசு வென்றவர்’. நோட்டில் அவர் கையைக் கடித்துக்கொண்டு வந்தவர்.

இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதே இல்லை. 10,000 டாலர் கட்டினால் 10,000மும் பரிசுக்குப் போகாது. 2023இல் 10,043 பேர் ஆடினார்கள், பரிசுத் தொகை மொத்தம் 9,33,99,900 டாலர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 9,300 வருகிறது. மீதி 700 நடத்துகிறவர்களுக்கு. நூற்றுக்கு ஏழு. பெரிய போட்டி என்பதால் அந்த விகிதம் குறைவு. நம் ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆட்டங்களில் விகிதம் இதைவிட அதிகமாக இருக்கும். நுழைவுத் தொகை எழுதியிருக்கும் இடத்தில் கூட்டல் குறி போட்டு இரண்டாவதாக ஒரு தொகை இருக்கும். அந்த இரண்டாவது தொகை திரும்பி வரவே வராது. மேஜையில் உட்காரும் எல்லோரும் சராசரியாக ஒரே திறமை உள்ளவர்கள் என்றால், எல்லோருக்கும் சேர்த்து நிச்சயமான நட்டம் அது. ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. அந்த இரண்டாவது தொகையையும் தாண்டி நன்றாக ஆட வேண்டும்.

சரி, நம் ஊர் அளவுக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டோம். நுழைவு 5,000 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4,400 பரிசுக்கு, 600 நடத்துகிறவர்களுக்கு. மொத்தம் 200 நுழைவு. பரிசுத் தொகை 8,80,000 ராண்ட். முப்பது இடத்துக்குப் பரிசு, கடைசி இடத்துக்கு 8,800. பார்க்க லாபம்தான். ஆனால் இந்த இடத்தில்தான் ரீ-என்ட்ரி வருகிறது.

முதன்மைப் போட்டி போன்ற சிலவற்றில் ஒரு தடவை சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) எல்லாம் போனால் கதை முடிந்தது. நம் பக்கத்துத் தொடர்களில் நிறைய ஆட்டங்கள் அப்படி இல்லை. குறிப்பிட்ட நேரம் வரைக்கும் மறுபடியும் பணம் கட்டி உள்ளே வரலாம். அதனால் 200 நுழைவு என்றால் 200 ஆள் இல்லை. 130 பேர்தான் இருப்பார்கள், சிலர் இரண்டு தடவை, சிலர் மூன்று தடவை கட்டியிருப்பார்கள். மூன்று தடவை கட்டி 27ஆவதாக வந்தவர் 15,000 போட்டு 8,800 எடுத்திருக்கிறார். 6,200 நட்டம். பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 8,800 என்று கம்பீரமாக நிற்கும். பையன் காட்டிய பெயர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து மேஜையில் அவர் எழுந்து போவதையும், கொஞ்ச நேரத்தில் புதுச் சீட்டுத் துண்டோடு வந்து உட்காருவதையும் ஒரே நாளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வசதியான மனிதர், அவருக்கு அது தாங்கும். அதே பட்டியலைப் பார்த்து இன்னொருவர் தன் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கட்டினால் தாங்குமா?

அதனால் நான் எப்போதும் முதலில் பார்ப்பது இரண்டு எண்கள்: மொத்த நுழைவு எத்தனை, தனித்தனி ஆட்கள் எத்தனை. சில இடங்களில் இரண்டையும் போடுவார்கள். போடாவிட்டால் நடத்துகிறவரிடமே கேட்கலாம், பெரும்பாலும் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த ஆட்டத்தில் பணம் ஆழமாக உள்ளவர்கள் தொடக்கத்திலேயே ஆல்-இன் போட்டு, அதாவது கையிலுள்ள எல்லாச் சிப்ஸையும் ஒரே தடவையில் வைத்து விளையாடுவார்கள். ஒரே ஒரு நுழைவுக்கான பணத்தோடு போகிறவருக்கு அது சரியான இடம் இல்லை.

மேல் மூன்று இடங்களின் தொகையும் அப்படியே நம்பத்தக்கது இல்லை. கடைசியில் இரண்டு மூன்று பேர் மிஞ்சும்போது பெரும்பாலும் ஒரு டீல் பேசுவார்கள். விடியற்காலை ஆகியிருக்கும், கண் எரியும், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய சிப்ஸ்) ஏறி ஒரு கையிலேயே (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவதிலேயே) எல்லாம் போய்விடும் நிலைமை. யாராவது ஒருவர், "பேசலாமா?" என்பார். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, நடத்துகிறவர் ஒவ்வொருவருடைய சிப்ஸையும் எண்ணி, அந்தச் சிப்ஸுக்கு எந்த இடம் வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துப் பணமாக மாற்றும் ஐசிஎம் என்ற முறையில் கணினியில் கணக்குப் போட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். நான் உட்கார்ந்து பார்த்த ஒரு டீலில், அந்தச் சீட்டை மூவரும் கையில் வாங்கிப் பார்த்த நேரம் முழுக்க மேஜையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அதிகச் சிப்ஸ் வைத்திருந்தவர் முகம் சுருங்கியது. குறைவாக வைத்திருந்தவர் சீட்டை அப்படியே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சரி என்றார்.

ஏன் என்று மாதிரிக் கணக்கிலேயே பார்க்கலாம். முதல் பரிசு 1,93,600, இரண்டாவது 1,32,000, மூன்றாவது 92,400 என்று வைப்போம். மூன்று பேரிடம் சிப்ஸ் 50, 30, 20 சதவீதம். ஐசிஎம் முறையில் ஏறத்தாழ 1,56,400, 1,37,600, 1,24,000 என்று பிரியும். பாதிச் சிப்ஸை வைத்திருப்பவர் முதல் பரிசைவிட 37,000 குறைவாக வாங்குகிறார். ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் மூன்றாம் பரிசைவிட 31,600 அதிகமாக வாங்குகிறார். நியாயமான கணக்குதான், ஏனென்றால் அவருக்கு மூன்றாம் இடம் எப்படியும் கையில் இருக்கிறது. சில நேரம் வெளியே போகும் பட்டியலில் டீலுக்கு முந்தைய தொகையே இருக்கும். சில நேரம் டீல் தொகை இருக்கும். முதல் மூன்று இடத்துக்கும் நடுவில் வித்தியாசம் குறைந்து, சில்லறை எண்களாக இருந்தால் டீல் நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். டீல் பேசும்போது அவசரப்படவே கூடாது. சீட்டைக் கையில் வாங்கி, ஐந்து நிமிடம் கேட்டு, எண்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

பங்கு என்று இன்னொரு விஷயம். நிறைய பேர் நுழைவுத் தொகையை முழுக்கத் தாங்களே போடுவதில்லை. மச்சான் பாதி, நண்பன் கால் என்று சேர்ந்து போடுவார்கள், பரிசும் அப்படியே பிரியும். பட்டியலுக்கு அது தெரியாது. 2006இல் ஜேமி கோல்ட் முதன்மைப் போட்டியில் 1 கோடியே 20 லட்சம் டாலர் ஜெயித்தார். அதில் பாதி எனக்கு என்று கிரிஸ்பின் லெய்சர் என்பவர் நீதிமன்றம் போனார், கடைசியில் வெளியே சமரசம் ஆனது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின்னால் வாய்வார்த்தையில் பேசிய ஒரு பங்கு. சொந்தக்காரரோடு சேர்ந்து போடுகிறீர்களா, சின்னத் தொகைதான் என்றாலும் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு போட்டது, எந்த ஆட்டத்துக்கு, ரீ-என்ட்ரி ஆனால் அது யார் பொறுப்பு. கடைசிக் கேள்வியில்தான் சண்டை வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு பையன், "பெரிய ஆட்டக்காரங்களுக்கு இது பொருந்தாது சித்தப்பா, அவங்க எப்படியும் லாபத்துலதான் இருப்பாங்க" என்றான். அப்போதுதான் டேனியல் நெக்ரானுவைப் பற்றிச் சொன்னேன். உலகப் புகழ் பெற்றவர், தன் வருடக் கணக்கைத் தானே வெளியிடும் பழக்கம் உள்ளவர். 2017இல் ஏறத்தாழ 28 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். நுழைவுத் தொகைகளைக் கழித்தால் அந்த வருடம் அவருக்கு நட்டம். விமானமும் ஹோட்டலும் அதற்குமேல். ஹெண்டன் மாப் போன்ற தளங்களில் ஒருவருடைய வாழ்நாள் பரிசுத் தொகை என்று பெரிதாக ஒரு எண் இருக்கும். அதுவும் வரவு மட்டும்தான். அந்த மனிதர் துணிந்து வெளியிட்டதால் நமக்கு அந்த உண்மை தெரிகிறது, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. நெக்ரானு பெயரைக் கேட்ட பிறகுதான் பையன் போனைக் கீழே வைத்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு மயக்கம் தருகிறது என்று நான் யோசித்ததுண்டு. இங்கே வீட்டுக்கு வீடு ஆடுவது தண்ணி என்ற சீட்டாட்டம். கரும்புத் தோட்டத்துக் காலத்திலிருந்து வழிவழியாக வருவது. இந்தியாவில் ஆடும் இருபத்தெட்டு, இலங்கையின் 304 என்ற சீட்டாட்டங்களுக்கு அது உறவு. 24 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே கூட்டாளிகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, எல்லாம் கூட்டினால் 304. கல்யாண வீட்டிலும் ஆடுவார்கள், இழவு வீட்டில் ராத்திரி கண்விழிக்கவும் ஆடுவார்கள். கோயில் நிதிக்கும் பள்ளிக்கூட நிதிக்கும் தண்ணிப் போட்டி வைப்பார்கள். ஜோடிக்கு ஒரு கட்டணம், அது நிதிக்குப் போகும், ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. அங்கே பெயர் பலகையில் ஏறினால் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். வேறு கணக்கே கிடையாது. அதே பழக்கத்தில் போக்கர் பட்டியலையும் வாசித்துவிடுகிறோம். போக்கரில் பெயர் ஏறியவரும் நட்டத்தில் இருக்கலாம்.

தண்ணியில் வளர்ந்தவர்கள் கேசினோவுக்குப் போகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணியில் பேச்சும் கூச்சலும் ஆட்டத்தின் பாதி. போக்கரில் கை நடக்கும்போது அந்தக் கையைப் பற்றிப் பேசக் கூடாது, கூட்டாளி என்று யாரும் இல்லை, நான் ஆடிய மேஜைகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியும் கூடாது. பக்கத்தில் இருப்பவர் மாமாவாகவே இருந்தாலும் தமிழில் "போடு, பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் டீலர் உடனே நடத்துகிறவரைக் கூப்பிடுவார். முதலில் எச்சரிக்கை, அடுத்து சில சுற்று மேஜையை விட்டு வெளியே நிறுத்துவார்கள். கை முடிந்த பிறகு தாராளமாகப் பேசலாம்.

பட்டியலில் கடைசி வரி எங்கே முடிகிறதோ, அதற்கு அடுத்த இடத்தை நான் மனசுக்குள் எழுதிக்கொள்வேன். முப்பது இடத்துக்குப் பரிசு என்றால் 31. 31 பேர் மிஞ்சி, அடுத்துப் போகிறவருக்குப் பரிசு கிடையாது என்ற அந்த நேரத்தில் (பப்பிள் என்பார்கள்) எல்லா மேஜையும் ஒரே சமயத்தில் ஒரு கை ஆடி, மற்ற மேஜை முடியும் வரை காத்திருக்க வேண்டும். யாராவது ஆல்-இன் என்றதும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும், எல்லோரும் எழுந்து அங்கே எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் போனால் முப்பது பேரும் கைதட்டிச் சிரித்துக்கொள்வார்கள். போனவர் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாகனம் நிறுத்திய இடத்தைப் பார்த்து நடப்பார். முழு நாள் ஆடியவர் அவர். முப்பதாவதாக வந்தவரைவிடத் திறமையில் ஒரு துளிகூடக் குறைந்தவர் இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் போய்த் தோளில் தட்டத் தோன்றும். சில தடவை தட்டியும் இருக்கிறேன்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசுத் தொகையைவிட அமைப்பைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எவ்வளவு சிப்ஸ், பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறுகிறது என்பதுதான் முக்கியம். 20,000 சிப்ஸ், பெரிய பிளைண்ட் 200 என்றால் நூறு பிளைண்ட் ஆழம், நிதானமாக ஆடலாம். அதே ஆட்டத்தில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், பெரிய பிளைண்ட் 1,000 ஆகியிருக்கும், அதே 20,000க்கு இருபது பிளைண்ட்தான். கட்டும் பணம் ஒன்றுதான், வாங்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்ட் ஏறும் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். 40 நிமிடமோ ஒரு மணி நேரமோ கொடுத்தால் திறமைக்கு இடம் கிடைக்கும்.

பயணச் செலவை அற்பமாக நினைக்கக் கூடாது. டர்பனிலிருந்து ஜோஹனஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டிக் கட்டி, வான் ரீனன் கணவாய் ஏறிப் போக வேண்டும். நான்கு பேராகச் சேர்ந்து ஒரே காரில் போனால் பெட்ரோலும் அறையும் பங்காகும். ஆனால் ஒருவர் முதல் நாளே வெளியேறிவிட்டால் மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவர் சூதாட்ட இயந்திரத்தின் பக்கம் போய் உட்காருவார். போக்கரில் போனதைவிட அங்கே போனதுதான் அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த ஆளுக்குத் திரும்பி வர ஒரு பேருந்து டிக்கெட்டுக்குப் பணம் தனியாக இருக்கட்டும். தொடர் புரட்டாசியில் வந்தால் இன்னொரு சங்கடம். இங்கே விரதம் கடுமையாகப் பிடிக்கும் வீடுகள் அதிகம். கேசினோ உணவகத்தில் சைவம் என்றால் பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும்தான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு ஆடினால் கடைசி மூன்று மணி நேரம் மூளை வேலை செய்யாது. என் மனைவி பருப்பு சாதமும் பீன்ஸ் கறியும் கட்டிக் கொடுப்பாள், இடைவேளையில் காரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

இணையத்தில் ஆடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் இணையப் போக்கருக்குச் சட்ட அனுமதி கிடையாது. 2004ஆம் வருடத்துத் தேசியச் சூதாட்டச் சட்டப்படி, சட்டத்துக்குப் புறம்பான ஆட்டத்தில் ஜெயித்த பணம் உங்களுக்குச் சேராமல் அரசுக்கே போய்விடலாம். வங்கியில் தொகை வந்து நின்ற பிறகு மாட்டிக்கொண்டு முழிப்பதில் அர்த்தமில்லை.

வரி விஷயமும் பையன் கேட்டான். எப்போதாவது பொழுதுபோக்காக ஆடுபவருக்கு விழும் பரிசை இங்கே பொதுவாக வருமானமாகச் சேர்ப்பதில்லை. வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாகச் செய்தால் அது வருமானம், வரி உண்டு. அவன் செய்யப் போவதாகச் சொன்னது அந்த இரண்டாவது வகை. அப்போது கணக்குப் புத்தகம் வேண்டும், ரசீது வேண்டும். அமெரிக்காவில் ஜெயித்தால் அங்கே வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் பிடிப்பார்கள். ஆனால் வரி ஒப்பந்தத்தால் அந்தப் பிடித்தத்திலிருந்து விலக்குள்ள நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை முடிக்கும்போது அவனுடைய எல்லா ஆட்டத்தையும் அவன் கையாலேயே எழுத வைத்தேன். தேதி, ஆட்டம், எத்தனை நுழைவு, மொத்தம் கட்டியது, பயணம், சாப்பாடு, பரிசு, பங்குக்காரருக்குக் கொடுத்தது. மறந்துபோனதை வங்கிச் செய்திகளில் தேடி எடுத்தான். அந்தப் பெரிய பரிசையும் சேர்த்த பிறகும் கடைசி வரியில் நின்ற தொகை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தொடவில்லை. அவன் ஒன்றும் மோசமான ஆட்டக்காரன் இல்லை. லாபத்தில் இருப்பதே பெரிய விஷயம். அதையும் அவனிடம் சொன்னேன், மனசார.

அவன் அம்மாவுக்கு ஒரு எண்ணைத் தனியாக எழுதிக் கொடுத்தேன்: 0800 006 008. பொறுப்பான சூதாட்டத்துக்கான அமைப்பின் இலவச உதவி எண். ஆடுகிறவர் மட்டுமில்லை, வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம். கேசினோவுக்குள் தன்னை விடக் கூடாது என்று தானே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. பையனுக்கு இப்போது அது தேவைப்படவில்லை. ஆனால் தேவைப்படும் நேரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் நிலைமை எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.

வேலையை அவன் விடவில்லை. போக்கரையும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. சம்பளத்திலிருந்து மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுகிறான். பெரிய ஆட்டத்துக்கு நேராகப் பணம் கட்டாமல், சாட்டிலைட் என்று சொல்லும் சின்ன ஆட்டத்தில் ஜெயித்து இடம் கிடைத்தால் மட்டும் போகிறான். ரீ-என்ட்ரி ஆட்டமாக இருந்தாலும் ஒரு நுழைவுதான். அந்தக் கணக்கில் பணம் தீர்ந்துவிட்டால் அடுத்த தொடர் வரைக்கும் தண்ணி ஆட்டம் மட்டும்தான் என்று அவன் அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான்.